எல்லா நாளும் திறந்திருக்கும்

விமலாராணியின் முகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது என்பார்கள். கால்களைப் பார்த்தவர்கள் ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்பார்கள். காந்திபுரத்தில் பூவாத்தாள் சில்க்ஸ் என்ற ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடியில் காட்டன் சேலைப் பிரிவில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நின்றுகொண்டிருந்தவள் அவள். காலையில் கடை திறந்தது முதல் அடைக்கும்வரை உண்மையிலேயே நிற்பதுதான் வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தன. சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டாள்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். பிளஸ் டூ முடித்ததும் கோயமுத்தூருக்கு வந்து, கடை ஹாஸ்டலில் தங்கி வேலைக்குச் சேர்ந்தாள். சபையில் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். கணவன் தேவானந்தம் காரமடைக்காரன். கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் மணலில் அச்சுப் பதித்து பம்புக்கு உடல் வார்க்கும் வேலை. ரத்தினபுரியில் வாடகை வீடு. வின்ஸ்டன் என்று ஒரே மகன்.

ஃபவுண்டரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஜவுளிக்கடைக்கோ ஞாயிறுதான் வியாபாரம். விமலாராணிக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. அவள் வீட்டில் இருக்கும் நாளில் அவன் மணலுக்குள் இருப்பான். அவன் வீட்டில் இருக்கும் நாளில் அவள் சேலை விரித்துக்கொண்டிருப்பாள். ஞாயிறு முதல் ஆராதனையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்பே அவள் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். ஆகவே பகல் முழுக்க இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அரசு விடுமுறை நாட்களில்தான். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கிறிஸ்துமஸ், பொங்கல். அந்த நாட்களில் சென்னிமலை என்ற முதலாளி கடையைத் திறக்க மாட்டார். அது அவருடைய தாராளம் என்று சொல்ல முடியாது. தெருவில் யாருமே திறப்பதில்லை. தான் மட்டும் திறந்தால் வம்பு வரும் என்ற பயம். எப்படியோ, கடை மூடியிருந்தது.

அந்த நாட்களில் அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தேவானந்தம் காலையிலேயே உக்கடம் போய் மீன் வாங்கி வருவான். கழுவி, மசாலா அரைத்து, குழம்பு கொதிக்கும்வரை அவளைச் சமையலறைக்குள் விடமாட்டான். அவள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, வின்ஸ்டன் பள்ளிக்கூடத்து வாத்தியார்களைப் போலப் பேசிக் காட்டுவதைப் பார்த்துச் சிரிப்பாள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் தூங்குவார்கள். சாயங்காலம் வ.உ.சி. பூங்காவுக்கு நடந்துபோய் மசால்பொரி தின்றுவிட்டு வருவார்கள். அவ்வளவுதான். ஆனால் ஒரு விடுமுறை முடிந்ததும் அடுத்தது எப்போது என்று காலண்டரைப் புரட்டுவது அந்த வீட்டில் மூன்று பேருக்குமே பழக்கமாக இருந்தது.

சென்னிமலைக்கு உடம்பு முடியாமல் போய், அவர் மகன் சுரேந்தர் கடையைப் பார்க்க ஆரம்பித்தபோது வின்ஸ்டன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். சுரேந்தர் நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குரல் உயர்த்தியதில்லை. துப்புரவு வேலை செய்பவரையும் 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் கடை திறக்கும் முன் ஊழியர்கள் எல்லோரையும் கீழ்த்தளத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

"ஏனுங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க. நீங்க இல்லீன்னா இந்தக் கடை இல்லீங்க. ஒரு விசயம் யோசனை பண்ணுனனுங்க. நம்ம கஸ்டமருங்க பாதிப்பேரு பல்லடம், பொள்ளாச்சி, அவினாசிங்க. அவங்களுக்கு லீவு உட்டாத்தானுங்க குடும்பத்தோட கோயமுத்தூரு வர முடியும். அன்னைக்குப் பாத்து நாம ஷட்டர இழுத்துப்போட்டா, அவங்க மாலுக்குப் போயிருவாங்க. இல்லீன்னா போன்லயே ஆர்டர் போட்டுப்போடுவாங்க. வருசம் பூராத் தொறக்கலாம்னு அரசாங்கமே சொல்லிப்போட்டுதுங்க. லீவு நாள்ல வர்றவங்களுக்கு டபுள் சம்பளமுங்க. யாருக்கும் கட்டாயமில்லீங்க."

கைதட்டினார்கள். விமலாராணியும் தட்டினாள். வீட்டில் பணத்துக்குத் தேவை இருந்தது. அதோடு சுரேந்தர் சொன்னதில் பொய்யும் இல்லை. முன்பு ஒரு காந்தி ஜெயந்தியன்று அவர்கள் மூன்று பேரும் ஒரு மாலுக்குப் போய்த்தான் வின்ஸ்டனுக்கு ஷூ வாங்கினார்கள். அந்தக் கடையில் ஷூவை மாட்டிவிட்ட பையனுக்கு அன்று வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

முதல் வருடம் நன்றாகவே போனது. பிறகு டபுள் சம்பளம் என்பது, அதற்குப் பதிலாக வேறொரு நாள் விடுப்பு என்று மாறியது. அந்த விடுப்பைக் கேட்டால், "முகூர்த்தம் முடியட்டுமுங்கக்கா, ஆடித் தள்ளுபடி முடியட்டுமுங்கக்கா" என்றார் மேனேஜர் வெங்கடபதி. கட்டாயமில்லை என்று சொல்லியிருந்தார்களே, ஒரு விடுமுறைக்கு வராமல் இருந்த பெண்ணைக் கடிந்துகூடப் பேசவில்லை. மறுநாள் அவளுடைய பிரிவில் வேறொருத்தி நின்றாள். வராமல் இருந்தவளைக் குடோனில் ரேக் துடைக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு காந்தி ஜெயந்தி காலையில் விமலாராணி அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். தேவானந்தம் வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்புள்ள, இன்னைக்கு டாஸ்மாக்குக்கே லீவு உட்டிருக்கறாங்க. உன்ற கடைக்கு இல்லியா?"

"சாராயம் இல்லீன்னா ஒரு நாள் தாங்குவாங்களாம். சீலை இல்லீன்னாத் தாங்க மாட்டாங்களாம்."

இருவரும் சிரித்தார்கள். அவள் படியிறங்கிப் போனபிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. சிரிப்பு இருமலாக மாறியதும் கேட்டது. அப்போது அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேவானந்தத்தின் அக்கா மகள் ஜோவிதாவுக்கு ஒரு சுதந்திர தினத்தன்று காரமடையில் நிச்சயம் நடந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் லீவாக இருக்கும் என்றுதான் அந்த நாளைக் குறித்திருந்தார்கள். விமலாராணி அன்று காலை கடை வாசலில் கொடியேற்றும்போது சேலையில் கொடி குத்திக்கொண்டு வரிசையில் நின்றாள். சுரேந்தர் சுதந்திரத்துக்காகச் சிறை போனவர்களைப் பற்றிப் பேசி, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பிறகு ஷட்டரை முழுதாகத் தூக்கினார்கள். காரமடையில், "என்னடா, ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா?" என்று தேவானந்தத்தை நாலைந்து பேர் கேட்டார்களாம். அவன் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. வின்ஸ்டன்தான் சொன்னான். "நான் இனிமே ஒறம்பரை ஊட்டுக்கு எங்கயும் வரலீம்மா. எல்லாரும் உங்களையே கேக்கறாங்க" என்றான். அவனுடைய குரல் அப்போதுதான் உடைந்துகொண்டிருந்தது. அவள், "சாப்டியா கண்ணு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் விடுமுறைக்காகக் காலண்டரைப் புரட்டவில்லை.

பிரவீனா என்று ஒரு பெண் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்தாள். பல்லடத்துக்காரி. கணவன் விசைத்தறி ஓட்டுபவன். சேர்ந்த நாளிலிருந்து விமலாராணியோடுதான் மதியம் சாப்பிடுவாள். அவள் உண்டானபோது, ஊழியர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்று வெங்கடபதியிடம் போய்ச் சொன்னது விமலாராணிதான். ஸ்டூல் வந்தது. ஆனால் ஆள் வந்தால் எழுந்துவிட வேண்டும். கடையில் ஆள் வராத நேரம் என்று ஒன்று இல்லை. பிரவீனா அந்த ஸ்டூலில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டாள்.

பிரவீனாவுக்குக் கட்டுச்சோறு விருந்தை மே தினத்தன்று வைத்தார்கள். பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, வளையல் போட்டு, கர்ப்பிணிக்கு ஊட்டிவிடும் சடங்கு. அன்று தறி ஓடாது. சொந்தபந்தம் எல்லோரும் வர முடியும் என்பதால்தான் அந்த நாள். அவள் ஒரு மாதத்துக்கு முன்பே லீவு கேட்டுவிட்டாள்.

"கோடை லீவு வியாபாரமுங்கம்மணி. ஆள் பத்தாதுங்க," என்றார் வெங்கடபதி. "காலைல வந்து முகத்தக் காட்டீட்டு, பன்னண்டு மணிக்குக் கெளம்பீருங்க. நானே அனுப்பி வெக்கறனுங்க."

மே தினத்தன்று பிரவீனா பட்டுச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கூட்டம் அலைமோதியது. பதினோரு மணி வாக்கில் வெங்கடபதி படியேறி ஓடி வந்தார். தொழிலாளர் துறை அதிகாரி வந்திருக்கிறார், சோதனை நடக்கப் போகிறது என்றார். விடுமுறை நாளில் வேலை செய்ய ஒப்புக்கொண்டவர்கள் என்று கடை எழுதிக் கொடுத்திருந்த பெயர்கள் பாதிதான். அந்தப் பாதியில் இல்லாதவர்கள் அன்று கடைக்குள் இருக்கக் கூடாது. அவர்களையெல்லாம் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட குடோனுக்குப் போகச் சொன்னார். விமலாராணியின் பெயர் அதில் இல்லை. பிரவீனாவின் பெயரும் இல்லை.

"செத்த நேரந்தானுங்க. சத்தம் மட்டும் போட வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டுக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுக்கொண்டு போனார்.

மே மாதத்து வெயிலில் தகரம் காய்ந்து கிடந்தது. ஜன்னல் ஓரம் வரை துணிப் பொதிகள். ஃபேன் கிடையாது. முதலில் பெண்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். பிரவீனா ஒரு பொதிமேல் உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது. "அக்கா, மணி என்னங்கக்கா? ஊட்ல எல்லாரும் வந்திருப்பாங்க" என்று கேட்டாள். செல்போன்கள் கீழே லாக்கரில் இருந்தன. மணி தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்படியே சரிந்தாள்.

விமலாராணி கதவைத் தட்டினாள். யாரும் வரவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளேயிருந்த சிலர், "சத்தம் போடாதீங்கக்கா, வேலை போயிரும்" என்று அவள் கையைப் பிடித்தார்கள். அவள் உதறிவிட்டு அடித்தாள். கடைசியில் வாட்ச்மேன் நிஜாம் வந்து திறந்தார். பிரவீனா விழுந்து கிடந்ததைப் பார்த்ததும், "அல்லா, இது என்னங்கம்மா" என்று தண்ணீருக்கு ஓடினார். பிரவீனாவை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, விமலாராணி படியிறங்கினாள். நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே அந்த அதிகாரி, நடுத்தர வயதுப் பெண்மணி, மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்கப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சுரேந்தர்.

"மேடம், நான் இங்க வேலை செய்யறவங்க. மேல குடோன்ல எங்களப் பூட்டி வெச்சிருக்கறாங்க. மாசமா இருக்கற புள்ள ஒண்ணு மயங்கி உழுந்திருச்சுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இன்னைக்கு விருப்பப்பட்டு வேலைக்கு வந்தீங்களாம்மா?"

"இல்லீங்க. யாருமே விருப்பப்பட்டு வரலீங்க. வரலீன்னா நாளைக்கு எங்க எடத்துல வேற ஆள் நிக்குமுங்க."

சுரேந்தர் கோபப்படவில்லை. எழுந்து தன் நாற்காலியையே அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "அக்கா, மொதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க. யாரப்பா அங்க, அக்காவுக்குத் தண்ணி கொண்டாங்க." அந்தக் கடையில் அவளை ஒருவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் உட்காரவில்லை.

பிரவீனாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதிகாரி அவளையும் அதே கேள்வி கேட்டார். பிரவீனா சுரேந்தரைப் பார்த்தாள். வெங்கடபதியைப் பார்த்தாள். விமலாராணியைப் பார்க்கவில்லை.

"நானாத்தானுங்க வந்தேன். ஊட்ல சும்மா இருந்தாப் பொழுது போகாதுங்க. குடோனுக்கு... ஸ்டாக் எடுக்கப் போனமுங்க. கதவு தானா அடைச்சுக்கிச்சுங்க."

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி, "அந்தக்கா எப்பவுமே இப்படித்தானுங்க" என்றுகூடச் சொன்னாள்.

அதிகாரி பேனாவை மூடினார். விமலாராணியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் இன்னைக்கு லீவுதாம்மா. காலையிலிருந்து தெருத்தெருவாப் போயிட்டிருக்கேன். எல்லாக் கடையிலும் எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் வந்திருக்காங்க. நான் என்ன எழுதறது?"

பெயர் விட்டுப்போனதற்கு மட்டும் கடைமேல் ஒரு வழக்கு எழுதிக்கொண்டு போனார். சின்ன அபராதத்தோடு அது முடிந்துபோனது. பிரவீனாவை அன்று சுரேந்தர் தன் சொந்தக் காரில் பல்லடத்துக்கு அனுப்பிவைத்தார். காரில் ஒரு தட்டு பழமும், ஒரு பட்டுச் சேலையும் வைத்துக் கொடுத்தார். பிரவீனா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறினாள்.

மறுநாள் கழிப்பறையில் அவள் விமலாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மன்னிச்சுருங்கக்கா. பிரசவத்துக்கு அப்பறமும் என்னைச் சேத்துக்கறேன்னு முதலாளி சொல்லீருக்கறாருங்க. எனக்கு வேற வழி தெரியலீங்கக்கா."

"அழுகாத கண்ணு. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்," என்றாள் விமலாராணி. அவள் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. இரவெல்லாம் யோசித்துப் பார்த்திருந்தாள். மயங்கி விழுந்தது அவளாக இருந்து, வேறொருத்தி போய்ச் சொல்லியிருந்தால், அவளும் ஸ்டாக் எடுக்கத்தான் போனேன் என்றிருப்பாள்.

பிரவீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் மறுபடி வேலைக்கு வந்தபோது அவளுடைய இடத்தில் வேறு ஆள் இருந்தது. ஊரோடே இருந்துவிட்டாள். போன் நம்பரும் மாறிவிட்டது.

விமலாராணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் கழித்து வெங்கடபதி வந்து, "அக்கா, உங்களுக்கு மரியாதையான எடமாக் குடுக்கச் சொல்லீருக்கறாரு முதலாளி" என்றார். அந்த இடம் கடை வாசல். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே வருகிறவர்களைக் கைகூப்பி, "வாங்க, வணக்கமுங்க, என்ன பாக்கறீங்க" என்று கேட்டு, எந்த மாடி என்று சொல்லி அனுப்ப வேண்டும். மேலே சேலைப் பிரிவிலாவது மேசைமேல் சாய்ந்துகொள்ளலாம், ரேக்குக்குப் பின்னால் ஒரு காலை மடக்கி நிற்கலாம். வாசலில் அதுவும் இல்லை. கேமரா நேராக அவள் முகத்தைப் பார்த்து இருந்தது. சக ஊழியர்கள் அவளைக் கடந்து போகும்போது குனிந்துகொண்டு போனார்கள். அவளோடு பேசினால் தங்களுக்கும் ஏதாவது வரும் என்ற பயம் ஒருபக்கம், அன்று அவள் ஒருத்தி மட்டும் உண்மை பேசிவிட்டாளே என்ற கூச்சம் இன்னொரு பக்கம்.

வேறு கடைக்குப் போகலாம் என்று இரண்டு இடத்தில் விசாரித்தாள். இரண்டு இடத்திலும் எல்லா நாளும் கடை உண்டு என்றார்கள். வயதைக் கேட்டார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அந்த வருடம் கடைசியில் தேவானந்தத்தின் இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் முழுக்க மணல் தூசி படிந்து இறுகிவிட்டது என்றார். இனி ஃபவுண்டரிப் பக்கம் போகவே கூடாது. போகிற அளவுக்கு மூச்சும் இல்லை. நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கம்பெனி அவனுக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தது.

இப்போது அவனுக்கு வருடம் முழுவதும் விடுமுறை. வீட்டிலேயே இருந்தான். ஆனால் அவன் மருந்துக்கும் வாடகைக்கும் அவள் சம்பளம் ஒன்றுதான் என்றாகிவிட்டதால், அவள் செவ்வாய்க்கிழமை ஓய்வைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வின்ஸ்டன் பாலிடெக்னிக் படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினான். ஒரு மாலில் செல்போன் கடையில் சேர்ந்தான்.

"அங்க உனக்கு எப்ப கண்ணு லீவு?" என்று கேட்டாள் அவள்.

"புதன்கிழமை. மத்தபடி எல்லா நாளும் உண்டும்மா," என்றான் அவன். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த தேவானந்தம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். விமலாராணிக்குத் தலையில் வைக்கச் சிவப்புக் குல்லாய் கொடுத்திருந்தார்கள். விடியற்கால ஆராதனைக்குப் போக முடியவில்லை. தேவானந்தத்தைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, மாத்திரை போடவைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். கைகூப்பிக் கைகூப்பி யார் வருகிறார்கள் என்பதே மனதில் பதியாத நிலை. மதியம், "வாங்க, வணக்கமுங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே வின்ஸ்டன். அவன் தோளில் சாய்ந்தபடி தேவானந்தம்.

"ஏனுங்க, எதுக்கு வந்தீங்க? எப்படி வந்தீங்க?"

"ஆட்டோவுல," என்றான் தேவானந்தம். மூச்சு வாங்கிக்கொண்டு, "பண்டிகை நாளாச்சே. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு" என்றான்.

"எனக்கு நாலு மணிக்குத்தாம்மா ஷிஃப்ட். அப்பா காலையிலிருந்து கேட்டுட்டே இருந்தாரு," என்றான் வின்ஸ்டன்.

அவள் கேமராவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பின்னால் ஆட்கள் வந்து நெருக்கினார்கள். "உள்ள போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர்களுக்குக் கைகூப்பினாள்.

பில் போடும் இடத்துக்கு எதிரே வாடிக்கையாளர்களுக்கு ஒரு சோபா போட்டிருந்தது. தேவானந்தம் அதில் உட்கார்ந்தான். ஏசி காற்று அவனுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தெளிந்தது. வாசலில் நின்ற மனைவியின் முதுகு அவனுக்கு அங்கிருந்து தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் இடையில் ஆள் போகாத நேரத்தில் அவள் திரும்பிப் பார்ப்பாள். அவன் கையைக் கொஞ்சம் தூக்குவான். அவ்வளவுதான் அந்தக் கிறிஸ்துமஸ்.

கொஞ்ச நேரத்தில் வெங்கடபதி அவர்களிடம் வந்தார். தெரிந்தவர்தான், இவர்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். "சார், ஏதாவது பாக்கறீங்களா? கூட்டமா இருக்குதுங்க, கஸ்டமருங்களுக்கு எடம் பத்தல..." என்று கையைப் பிசைந்தார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் அங்கேயே நின்றார்.

"பாக்கறமுங்க," என்றான் வின்ஸ்டன். எழுந்துபோய் ஒரு கர்ச்சீப் வாங்கினான். பில்லைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு தேவானந்தம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு இருமல் வந்தது. அந்தக் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டான். பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து தள்ளிப் போனாள். அவன் வின்ஸ்டனைப் பார்த்து, "போலாம்" என்று தலையசைத்தான்.

வெளியே போகும்போது வாசலில் நின்றான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். போகிறவர்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்த வார்த்தை வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. "நன்றிங்க, மறுபடியும் வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வின்ஸ்டன் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தான்.

பொங்கலுக்கும் கடை இருந்தது. குடியரசு தினத்தன்றும் இருந்தது. அந்தச் சமயம் தேவானந்தத்துக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்.

பெரிய வெள்ளியன்று அவள் லீவு கேட்கவில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் மும்மணி நேர ஆராதனை நேரலையில் வரும்படி செல்போனில் எடுத்துவைத்து, அதை தேவானந்தத்தின் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். சித்திரை முதல் நாளுக்கான தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. மூன்று மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள் வந்தார். சபையில் விமலாராணிக்கு முன் பெஞ்சில் உட்காருகிற டீச்சர்.

"அட, விமலா! நீங்க இன்னைக்குமா வேலைக்கு வந்துட்டீங்க? கோயில்ல உங்களைத் தேடினேன்."

"ஆமாங்க டீச்சர். பிரசங்கம் நல்லா இருந்துதுங்களா?"

"நல்லா இருந்துச்சு. முடிஞ்சதும் நேரா இங்கதான் வர்றேன். ஈஸ்டருக்குப் பேத்திக்கு ஒரு ஃபிராக் எடுக்கணும். நாளைக்கு எனக்குப் பேப்பர் திருத்தற வேலை, இன்னைக்கு விட்டா நேரமே இல்ல." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "தேவானந்தம் எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க."

"ஜெபத்துல வெச்சிருக்கோம்மா."

"சரிங்க டீச்சர்," என்றாள் விமலாராணி. டீச்சருக்குப் பின்னால் பெரிய குடும்பமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் கைகளைக் கூப்பினாள். "ஃபிராக் மூணாவது மாடிங்க. லிஃப்ட் அந்தப் பக்கம்."